குளிர் மண்ணில் சலாதுக் கீரை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கனடாவில் ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்துப் பின்வளவுகளில் இப்போது மேட்டுப்பாத்தி இல்லாத தமிழ் வீடு குறைவு. ஆனால் அந்தப் பாத்திகள் பெரும்பாலும் மே மாதத்து விக்டோரியா தின வார இறுதி வரை வெறுமையாகவே கிடக்கின்றன. கத்தரி, மிளகாய், தக்காளி, பயற்றை இவற்றுக்கு அந்தக் காத்திருப்பு சரி. லெட்டூஸ், ஸ்பினாச், அருகுலா, மிசுனா, கேல் போன்ற சலாதுக் கீரைகளுக்கு அது பெரிய நட்டம். ஒன்ராறியோவில் இளவேனிலில் அவற்றின் நல்ல காலம் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரைதான். மே கடைசியில் விதைத்தால் உண்ணும் பருவம் வருமுன்னே வெயில் முந்திவிடும்.

ஏப்ரலில் விதைத்தால் வரும் சிக்கல்கள் வேறு வகையானவை. ஊரில் செம்பாட்டு மண்ணில் கீரை வளர்த்த கைக்கு, இலை மஞ்சளானால் பசளை, செடி வாடினால் தண்ணீர், காலையும் மாலையும் பூவாளி என்று ஒரு பழக்கம் இருக்கிறது. சூடான மண்ணில் அது சரியான பழக்கம். 6 பாகை செல்சியஸ் குளிரில் கிடக்கும் மண்ணில் அதே அறிகுறிகளுக்குக் காரணம் வேறு. அதே மருந்தைக் கொடுத்தால் செடி சாகும். இங்கே இளவேனிலில் கீரைக்கு வரும் குறைகளில் பெரும்பாலானவை மண்ணின் குளிரிலும் ஈரத்திலும் தொடங்குகின்றன, பசளைக் குறைவில் அல்ல. கீழே உள்ள எல்லாத் திருத்தங்களும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன.

எதைச் செய்வதற்கும் முன் பார்க்க வேண்டியவை

மண் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சமையலறையில் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானி, பூச்சியத்துக்கு அண்மையிலும் அளவு காட்டுவதாக இருந்தால், அதுவே போதும். காலை எட்டு மணியளவில் 5 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். மத்தியானம் பார்த்தால் மேல்மண் சூடு ஏமாற்றிவிடும். மூன்று நான்கு காலைகள் தொடர்ந்து பார்த்தால்தான் போக்குத் தெரியும்.

அடுத்து விரல். இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து கீழே ஈரம் என்றால் தண்ணீர் வேண்டாம். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் நீர் கசிகிறதென்றால் பாத்தியில் வேலையே செய்யாதீர்கள். அந்த நிலையில் கிளறிய மண் காய்ந்ததும் கட்டியாகிவிடும்.

மூன்றாவது, இலையின் அடிப்பக்கம். மேற்பக்கத்தில் தெரியும் கறையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பாதிக் காரணங்களைத் தவறவிடுகிறார்கள்.

விதைத்து இரண்டு வாரம், ஒன்றும் முளைக்கவில்லை

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கூடுதலான வேளைகளில் விதையில் எந்தக் குறையும் இல்லை, நாட்கள்தான் போதவில்லை. லெட்டூஸ் விதை 5 பாகை மண்ணில் முளைக்க ஏறக்குறைய 15 நாள் எடுக்கும்; 10 பாகையில் 7 நாள்; 15 பாகையில் 4 நாள். ஸ்பினாச் இன்னும் மெதுவானது: 5 பாகையில் 23 நாள், 10 பாகையில் 12 நாள், 15 பாகையில் 7 நாள். ஏப்ரல் முதல் வாரத்தில் விதைத்த ஸ்பினாச்சை ஏப்ரல் இருபதில் கிண்டிப் பார்ப்பவர், முளைவிடத் தொடங்கிய விதையைத் தானே கெடுக்கிறார்.

வெப்பமானி 5 பாகைக்குக் கீழே காட்டினால் விதைக்காமல் மண்ணைச் சூடாக்குங்கள். தெளிவான பொலித்தீனைப் பாத்தி முழுவதும் இழுத்து மூடி, ஓரங்களில் கல்லோ பலகையோ வைத்து, பத்துப் பதினைந்து நாள் விட்டுவிடலாம். கறுப்புப் பொலித்தீனைவிடத் தெளிவானது மண்ணைக் கூடுதலாகச் சூடாக்கும், ஏனென்றால் வெயில் அதனூடாகப் போய் மண்ணிலேயே விழுகிறது. விதைப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

மேட்டுப்பாத்தி தரை மண்ணைவிட முந்திச் சூடேறும் என்பது உண்மை. ஆனால் நிழல் பக்கத்து வேலியை ஒட்டிய பாத்தியில் ஏப்ரல் தொடக்கத்தில் மேல் 10 செ.மீ. இளகியிருக்க, அடியில் இன்னும் உறைந்திருக்கலாம். மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கினால் இதைச் சந்தேகியுங்கள். மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்தினால் உறைந்த இடத்தில் டக்கென்று நிற்கும். அது இளகும்வரை விதைக்கக் கூடாது. தேங்கிய குளிர்நீரில் விதை அழுகும்.

சூடு போதும், நாளும் போய்விட்டது, இன்னும் முளைக்கவில்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள். லெட்டூஸ் விதை முளைக்க வெளிச்சம் உதவும். அதை அரை செ.மீ.க்கு மேல் புதைக்கக் கூடாது; தூவி, கையால் மெல்ல அழுத்தி, மேலே சல்லடையில் சலித்த கூட்டெரு கொஞ்சம் தூவினால் போதும். ஸ்பினாச்சுக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் சரி. பைகளில் வாங்கிய ட்ரிப்பிள் மிக்ஸ் (மேல்மண், கூட்டெரு, பீட் என்னும் பாசி மக்கு கலந்த மண்) நிரப்பிய பாத்திகளில் இன்னொரு தொல்லை உண்டு. அதிலுள்ள பீட் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஈரமாகத் தெரியும். விரலால் கீறினால் ஒரு செ.மீ. கீழே தூசி பறக்கும். இதற்கு ஒரே தடவையில் நிறைய ஊற்றிப் பயனில்லை, ஓரத்தால் ஓடிவிடும். பூவாளியால் கொஞ்சம், பத்து நிமிடம் விட்டு இன்னும் கொஞ்சம் என்று மூன்று நான்கு தரம் ஊற்ற வேண்டும்.

பழைய விதையும் ஒரு காரணம். ஸ்பினாச் விதைக்கு ஆயுள் குறைவு. மூன்று வருடப் பைக்கற்றை நம்ப வேண்டாம். பத்து விதையை ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, சமையலறை மேசையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் புதிது வாங்குங்கள்.

பாத்தியில் சிறு சிறு குழிகள் தெரிந்தால் அது அணில். இங்கத்தைய சாம்பல் அணிலுக்குப் புதிதாகக் கிளறிய மண் என்றால் தோண்டியே ஆக வேண்டும். விதைத்த அன்றே கோழிக்கூட்டு வலையைத் தட்டையாகப் பரப்பி, நாற்று இரண்டு செ.மீ. உயர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

முளைத்தவை சரிந்து விழுகின்றன, அல்லது ஒரே இரவில் காணவில்லை

விழுந்த ஒரு நாற்றைக் கையில் எடுத்து, மண்ணைத் தொடும் இடத்தில் அதன் தண்டைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம், மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

தண்டு மண்மட்டத்தில் நூல்போல் மெலிந்து, பழுப்பாகி, நீர் கோத்ததுபோல் இருந்தால் அது நாற்றழுகல். மேல் இரண்டு இலையும் இன்னும் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், மிச்சமும் போய்விடும். பிதியம், ரைசொக்டோனியா போன்ற மண்ணிலுள்ள நோய்க் கிருமிகளின் வேலை இது. குளிர், அளவுக்கு மிஞ்சிய ஈரம், காற்றோட்டம் இல்லாமை மூன்றும் சேரும்போது அவை ஓங்கும். விழுந்ததை எழுப்ப வழி இல்லை. பக்கத்தில் நிற்பதைக் காப்பாற்றலாம்: குளிருக்குத் துணியால் மூடியிருந்தால் அதைப் பகலில் திறவுங்கள், மேல்மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், நெருக்கமாக நிற்பவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டி ஐதாக்குங்கள். பிடுங்கி ஐதாக்கினால் பக்கத்து வேர் ஆடும். இனி ஊற்றும்போது காலையில் மட்டும் ஊற்றுங்கள். ஏப்ரல் மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவு முழுவதும் தண்டடியில் குளிராகவே நிற்கும்.

தண்டு கத்தியால் வெட்டியதுபோல் அறுந்து, நாற்று பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. அது இரவில் வெட்டிவிட்டுப் பகலில் அருகிலேயே மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். அறுந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, மூன்று செ.மீ. ஆழத்தில் விரலால் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில், தொட்டதும் வளையமாகச் சுருளும் கொழுத்த புழு அகப்படும். எடுத்துக் கொல்லுங்கள், வேறு மருந்து தேவையில்லை. நட்ட நாற்றென்றால் கழிவறைக் கடதாசியின் மட்டைக் குழாயை மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் தண்டைச் சுற்றிப் பாதி மண்ணுக்குள் இறக்கிவிடலாம்.

நாற்றே இல்லை, காய்ந்து மினுங்கும் ஒரு கோடு மட்டும் இருந்தால் ஓடில்லா நத்தை. அதைப் பற்றி ஓட்டைகள் பகுதியில் சொல்கிறேன்.

நட்ட நாற்று அப்படியே நிற்கிறது. இலையில் வெள்ளைத் திட்டு

வீட்டுக்குள் யன்னலோரத்தில் வளர்த்த நாற்றை நேரே வெயிலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோனால், இரண்டு மூன்று நாளில் இலையில் கடதாசிபோல் வெளிறிய திட்டுகள் வரும். இது நோயில்லை, வெயில் சுட்டது. புதிய இலை சரியாக வந்தால் செடி தப்பிவிட்டது. அடுத்த தடவை ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் நேரத்தையும் வெயிலையும் கூட்டி, கடைசி இரண்டு இரவு வெளியிலேயே விட வேண்டும். காற்றையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல் காற்று வெயிலைவிட மோசமாக இலையை உலர்த்தும்.

வெள்ளைத் திட்டு இல்லை, வாடவும் இல்லை, இரண்டு வாரமாக ஒரு புது இலையும் இல்லை என்றால் லெட்டூஸின் நடுக் குருத்தைப் பாருங்கள். மண்ணுக்குள் புதைந்திருந்தால் அதுதான் காரணம். தக்காளி நாற்றைத் தண்டோடு ஆழமாக நடுவதுபோல் இதை நடக் கூடாது. குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கரண்டியால் மண்ணை விலக்கிவிடுங்கள். குருத்து சரியான உயரத்தில்தான் நிற்கிறது என்றால் மண் குளிர் மட்டும்தான். மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிவிட்டுப் பொறுத்திருங்கள்.

இலை மஞ்சளாகிறது, அல்லது ஊதா பூசுகிறது

எங்கள் ஆட்கள் பசளைப் பைக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். ஓடுமுன் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிய இலைகள் முதலில் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. ஆனால் மண்ணில் நைதரசன் இல்லை என்பதல்ல அதன் பொருள். கூட்டெருவிலும் மாட்டெருவிலும் உள்ள நைதரசனை வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். 10 பாகைக்குக் கீழே அவற்றின் வேலை மிக மெதுவாகிவிடும். பாத்தி நிறைய நல்ல எரு இருந்தும் செடி பசியோடு நிற்பது இதனால்தான். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பை ஆட்டெருவைக் கொட்டினால் ஏப்ரலில் பயன் வராது. மே கடைசியில் மண் சூடேறும்போது முழுவதும் ஒன்றாக விடுபட்டு, இலை தளதளவென்று மென்மையாகி அசுவினியை அழைக்கும். உடனடி உதவிக்கு மீன் கரைசல் பசளையைப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கரைத்து, காலையில் வேரடியில் ஒருமுறை ஊற்றுங்கள். துணியால் மூடுங்கள். பத்து நாள் கழித்துப் புது இலையின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். பழைய மஞ்சள் இலை பச்சையாகத் திரும்பாது. அதைக் கொண்டு அளக்காதீர்கள்.

பாத்தியின் அடியை நிரப்பப் பச்சை மரத்தூளோ மரச் சில்லோ மண்ணோடு கலந்தவர்களுக்கு இந்த மஞ்சள் மண் சூடேறியும் போகாது. மரத்தை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தாங்களே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பாத்திக்கு மட்டும் இந்தப் பருவம் முழுவதும் திரவப் பசளை வேண்டியிருக்கும். மரச் சில்லை மேலே பரப்பினால் இந்தச் சிக்கல் இல்லை, கலப்பதுதான் தவறு.

மஞ்சளோடு வாட்டமும் சேர்ந்து, மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் காயவிட்டால் மீளும். பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நடு நார் மட்டும் மிஞ்சினால் அது முடிந்த கதை. அந்த இடத்தைக் காயவிட்டு மீண்டும் விதைப்பதே நல்லது.

இலையின் அடிப்பக்கத்திலும் நரம்பிலும் ஊதா நிறம் ஏறுவது பொசுபரசுக் குறைவின் அறிகுறி. குளிர் மண்ணில் வேரால் பொசுபரசை எடுக்க முடியாது. நீண்ட நாள் எரு போட்டு வந்த பாத்திகளில் பொசுபரசு ஏற்கனவே மிஞ்சிக் கிடக்கும். எலும்புத் தூள் வாங்கிப் போடுவது வீண் செலவு. மண் சூடேற ஊதா தானாக மறையும். சிவப்பு லெட்டூஸ் வகைகளுக்கு இந்தக் கணக்கு இல்லை. குளிரும் வெயிலும் சேர்ந்தால் அவற்றின் நிறம் ஆழமாகும், அது நல்ல அறிகுறி.

உறைபனி விழுந்த மறுநாள் காலை

ரொறன்ரோவில் ஏரிக்கு அண்மையில் உறைபனி முந்தி முடிந்துவிடும். மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் மே நடுப்பகுதி வரையும் ஓரிரு இரவுகள் வரலாம். காலையில் போய்ப் பார்த்தால் இலை கண்ணாடிபோல் விறைத்து, கரும்பச்சையாக நிற்கும். தொடாதீர்கள். உறைந்த இலையை வளைத்தால் உள்ளே கலங்கள் உடைந்து, இளகியபின் கூழாகிவிடும். பத்துப் பதினொரு மணிக்குத் தானாக இளகியபின் பாருங்கள். ஸ்பினாச்சும் கேலும் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கும். பழக்கப்பட்ட ஸ்பினாச் பூச்சியத்துக்குக் கீழே 6 பாகையையும் தாங்கும். பழக்கப்பட்ட லெட்டூஸ் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகை வரை தாங்கும்.

இரண்டு நாள் கழித்து லெட்டூஸ் இலையில் கொப்புளம்போல் மேல்தோல் எழும்பி, உரிந்து, வெண்பழுப்பாகினால் அது உறைபனிக் காயம். அந்த வெளி இலைகளை நுள்ளி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சாம்பல் பூஞ்சணம் அங்கே குடியேறும். நடுக் குருத்து உறுதியாக இருந்தால் செடி வரும்.

தடுப்பதற்கு, ரோ கவர் என்று விற்கும் வெள்ளைத் துணி. சதுர மீற்றருக்கு 17 முதல் 19 கிராம் வரையுள்ள மெல்லிய வகை ஏறக்குறைய 2 பாகை பாதுகாப்புத் தரும்; தடித்த வகை கூடுதலாகத் தரும், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும். வளையங்கள் குத்தி அதன்மேல் போடுங்கள். இலையில் ஒட்டிக் கிடந்தால் ஒட்டிய இடத்தில் குளிர் இறங்கும். அதைப் பின்னேரம், மண்ணில் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். இருட்டிய பிறகு மூடினால் உள்ளே காக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

துணிக்குப் பதில் பொலித்தீன் கூடாரம் போட்டவர்கள் பகலில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளியே 12 பாகையும் நல்ல வெயிலும் என்றால் உள்ளே 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் லெட்டூஸ் விதை முளைக்க மறுத்து உறங்கிவிடும், நாற்று வெந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகுமுன் இரு முனையையும் திறந்துவிட்டுப் போங்கள். குளிரில் விட்டதைவிட மூடிவிட்டு மறந்ததால் செத்த செடிகளே கூட.

இலையில் ஓட்டைகள்

ஓட்டையின் வடிவத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்.

ஊசியால் குத்தியதுபோல் நூற்றுக்கணக்கில் சிறு துளைகள், அதுவும் அருகுலா, மிசுனா, கடுகுக்கீரை, பொக் சோய் இவற்றில் மட்டும், பக்கத்தில் நிற்கும் லெட்டூஸில் ஒன்றுமில்லை என்றால் அது தெள்ளு வண்டு. 2 மி.மீ. அளவு, கறுத்து மினுங்கும், கையை நீட்டினால் தெறித்துப் பாயும். கடுகுக் குடும்பத்துச் செடிகள்தான் அதற்கு உணவு. ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறும்போது வெளியே வரும். பெரிய செடி தாங்கும், இரண்டு இலை நாற்று தாங்காது. நுண்வலையோ ரோ கவரோ விதைத்த அன்றே போட்டு, நான்கு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். ஒரு மூலையில் இடைவெளி இருந்தாலும் பயனில்லை. இன்னொன்றை முக்கியமாகக் கவனியுங்கள்: இந்த வண்டு மண்ணிலும் சருகிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். போன வருடம் கேலோ முள்ளங்கியோ நின்ற பாத்தியிலேயே அருகுலாவை விதைத்து மூடினால் வண்டையும் சேர்த்தே மூடுகிறீர்கள். போன வருடம் தக்காளியோ அவரையோ நின்ற பாத்திக்கு மாற்றுங்கள்.

ஒழுங்கற்ற பெரிய ஓட்டை, ஓரம் வழவழப்பு, அருகே மினுங்கும் கோடு: ஓடில்லா நத்தை. மழை நாளுக்கு மறுநாள் கூடுதலாகத் தெரியும். மரச் சட்டத்தின் உட்பக்க இடுக்குத்தான் அதற்கு விருப்பமான இடம். இரவு பத்து மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவது மிக விரைவான வழி. ஈரப் பலகை ஒன்றைப் பாத்தியில் கவிழ்த்து வைத்து, காலையில் புரட்டி எடுத்தும் பிடிக்கலாம். தொல்லை மிஞ்சினால் இரும்புப் பொசுபேற்றுக் குருணை தூவுங்கள், சிட்டிகை அளவுதான். குவியலாகப் போடத் தேவையில்லை.

ஸ்பினாச்சிலும் சுவிஸ் சார்டிலும் இலைக்குள்ளே வெளிறிய பாதைகளும் கொப்புளமும் தெரிந்தால் இலைச் சுரங்கப் பூச்சி. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு தோலுக்கும் நடுவில் வெண்ணிறப் புழு நெளிவது தெரியும். அது உள்ளே இருப்பதால் மேலே எதைத் தெளித்தாலும் படாது. இலையின் அடிப்பக்கத்தில் நாலைந்து வெள்ளை முட்டைகள் பக்கம் பக்கமாக, அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். வாரம் இருமுறை பார்த்துப் பெருவிரலால் நசுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுரங்கம் விழுந்த இலையைப் பறித்துக் கூட்டெருக் குவியலில் போடாமல், நகரசபை எடுத்துச் செல்லும் கிரீன் பின்னில் போடுங்கள். வேலியோரத்தில் தானாக முளைக்கும் சக்கரவர்த்திக் கீரை இதே பூச்சிக்கு வீடு. நம்மில் சிலர் அதைச் சமைக்கவென்று விட்டுவைப்போம்; வைக்கலாம், ஆனால் இளசாகவே பறித்துவிடுங்கள், பாத்தியருகே முற்ற விடாதீர்கள்.

ஓட்டையே இல்லை, செடியின் மேற்பாதி சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது என்றால் முயல். 60 செ.மீ. உயர வலை வேலி, அடியில் இடைவெளி இல்லாமல்.

துணி மூடிய பாத்தியில் இலையின் அடியில் அசுவினி கூட்டமாக இருந்தால் துணியைத் திறந்துவிடுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு உள்ளே வர முடியாததால்தான் அவை பெருகின. தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவி, மிஞ்சினால் பூச்சிச் சவர்க்காரக் கரைசல் தெளிக்கலாம்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டங்களில் பல இரசாயனப் பூச்சிகொல்லிகளுக்குத் தடை இருக்கிறது, மரக்கறித் தோட்டமும் அதற்குள் அடங்கும். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த போத்தலை, அளவு தெரியாமல், நாளைக்குப் பச்சையாகச் சாப்பிடப்போகும் இலையில் அடிக்காதீர்கள். சலாதுக் கீரையை நாம் வேக வைப்பதில்லை. இங்கே சொன்ன எந்தப் பூச்சிக்கும் அந்தப் போத்தல் தேவையும் இல்லை.

உள்ளிலை ஓரம் கருகுதல், அடி இலை அழுகுதல்

மே மாதத்தில் லெட்டூஸ் வேகமாக வளரும்போது நடுவிலுள்ள இளம் இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகும். வளரும் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கல்சியம் இல்லாமலில்லை. தண்ணீர் ஒருநாள் மிஞ்சி, மூன்று நாள் இல்லாமல் போவதுதான் வழமையான காரணம். முட்டைக் கோது புதைத்து இது மாறாது. ஒழுங்காகத் தண்ணீர், மூடியிருந்தால் காற்றோட்டம், நைதரசனைக் குறைத்தல்.

மண்ணில் கிடக்கும் அடி இலைகள் அழுகினால் நெருக்கம்தான் காரணம். இலை லெட்டூஸுக்குச் செடிக்குச் செடி 15 செ.மீ. ஆவது வேண்டும், உருண்டையாகத் திரளும் வகைக்கு 25. இலையின் மேலே மஞ்சள் கட்டங்களும் நேர் கீழே வெண்சாம்பல் பூஞ்சணமும் இருந்தால் அடிச்சாம்பல் நோய்; அந்த இலைகளை உடனே அகற்றி, இலை நனையாமல் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

கசக்கிறது, நடுவில் தண்டு எழும்புகிறது

லெட்டூஸின் நடுப்பகுதி கூம்பிப் புதிய இலைகள் ஒடுங்கிக் கூராக வரத் தொடங்கினால் இன்னும் ஒரு வாரம்தான் உங்களிடம் இருக்கிறது. இலையை நுள்ளினால் வரும் வெள்ளைப் பால் தடித்திருக்கும், கசப்பு அதில்தான். லெட்டூஸுக்குச் சூடும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தூண்டுகோல். ஸ்பினாச்சுக்குப் பகலின் நீளம்: ரொறன்ரோவில் ஏப்ரல் கடைசியிலேயே பகல் 14 மணித்தியாலத்தைத் தொட்டுவிடும், ஜூனில் பதினைந்தரைக்குக் கிட்டப் போகும். அதனால் நிழல்துணி லெட்டூஸை இரண்டு வாரம் தாமதப்படுத்தும், ஸ்பினாச்சை அவ்வளவாகத் தடுக்காது. மே நடுவில் விதைத்த ஸ்பினாச் நாலு இலையோடு தண்டு விட்டால் அது உங்கள் கைப்பிழை அல்ல, திகதிப் பிழை. அடுத்த வருடம் மண் இளகிய உடனே விதையுங்கள், அல்லது ஆகஸ்ட் கடைசியில் விதைத்து இலையுதிர் காலத்தில் பறியுங்கள்.

தண்டு கிள்ளிவிட்டால் திரும்ப இலை வரும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வருவது கசப்பு இலைதான். மெல்லக் கசக்கத் தொடங்கிய லெட்டூஸை அதிகாலையில் பறித்து, குளிர்நீரில் கழுவி, குளிரூட்டியில் இரண்டு நாள் வைத்தால் கசப்புச் சற்றுக் குறையும். அதற்கு மேல் போனால் வேரோடு எடுத்துவிடுங்கள். அருகுலாவை மட்டும் கொஞ்சம் பூக்க விடலாம், பூவே சலாதில் நன்றாக இருக்கும்.

அந்த இடம் ஜூனில் சும்மா கிடக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கும் மண் 18, 20 பாகை காட்டத் தொடங்கினால், இரண்டு விரற்கடை கூட்டெரு பரப்பி, முளைக்கீரை விதையை மணலோடு கலந்து மெல்லியதாகத் தூவுங்கள். அந்தச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அப்போது காலையும் மாலையும் பூவாளி எடுக்கலாம்.